என் வாசலில் விழுந்த புள்ளிகள்

மேடையில் அமர்ந்திருக்கும் இணை ஆணையர் ஐயா அவர்களே! அலுவலகப் பெருமக்களே! குழாய்ப் பிரிவு, விளக்குப் பிரிவு, சாக்கடைப் பிரிவுத் தோழர்களே! முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் கண்காணிப்பாளர் அம்மாவின் அண்ணன் அவர்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் என் சொந்தங்களே! உங்கள் அனைவருக்கும் ஒரு பழைய கொத்தனாரின் வணக்கம்.

இந்த உரையை நான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். யாரிடமும் சொல்லி எழுத வைத்ததல்ல, நானே எழுதியது. கையில் இருக்கும் தாள்கட்டைப் பார்த்து அமைப்பாளர் ஐயா கடிகாரத்தைத் தொடுகிறார். பயப்பட வேண்டாம் ஐயா. என் எழுத்து பெரியது. ஒரு தாளுக்கு நாலு வரிதான் பிடிக்கும்.

யாருக்காக இங்கே கூடியிருக்கிறோம்? தகவல் பிரிவின் கண்காணிப்பாளர் அம்மையார் அவர்களுக்காக. அது அலுவலகம் அவருக்குக் கொடுத்த பெயர். எங்கள் தெருக்காரர்கள் கொடுத்த பெயர் வேறு. புள்ளியம்மா! அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. "பரவாயில்ல, ஆபீஸ்ல வெச்சிருக்கற பேரைவிட இது நல்லா இருக்கு" என்பார்.

புள்ளியம்மா என்ன செய்தார்? இந்த ஊரில் தண்ணீர் வராதவர்கள், விளக்கு எரியாதவர்கள், சாக்கடை பொங்கியவர்கள் எல்லோரும் இந்த அலுவலகத்துக்குப் புகார் சொல்கிறார்கள். சொன்னது என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சொன்னவருக்கே காட்ட மாட்டார்கள். அம்மா அதை வெளியே எடுத்தார். யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்கிற மாதிரி இணையத்தில் ஒரு பக்கம் திறந்தார். எங்கே என்ன புகார், அதற்கு என்ன செய்தார்கள், எதுவும் மறைவில்லை. ஊர் மேப்பில் ஒவ்வொரு புகாரும் ஒரு சிவப்புப் புள்ளி. சரிசெய்தால் பச்சை. ஆட்களின் பெயர் மட்டும் இருக்காது. அதை அவர் பத்திரமாக எடுத்துவிடுவார்.

"ஏம்மா, ஆபீஸ் விஷயத்தை இப்படி ஊருக்குக் காட்டலாமா?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"ஆபீஸ் விஷயமா? ஊர்க்காரங்க சொன்னது ஐயா. அவங்க சொன்னதை அவங்களுக்கே திருப்பிக் காட்டறேன். இதுல என்ன தப்பு?"

என்ன தப்பு? எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. அந்த ஒன்று என் வீட்டு வாசலில் விழுந்தது!

என் வீடு எங்கே இருக்கிறது என்று மேடைக்குத் தெரியாது. இரண்டு பெரிய குடோன்களின் சுவர்களுக்கு நடுவே ஒரு சந்து. சந்தின் முடிவில் ஒரு வீடு. ஒரே கதவு, ஒரே ஜன்னல். பின்வாசல் கிடையாது. ஊருக்கெல்லாம் வாசல் வைத்துக் கட்டினேன், என் வீட்டுக்குப் பின்வாசல் வைக்க இடம் இல்லை. முட்டி தேய்ந்து வேலையை விட்ட பிறகு, நானும் வீட்டுக்காரியும் அங்கே நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தோம்.

ஒருநாள் காலையில் சாக்கடைப் பிரிவு ஆட்கள் நீளக் கம்பியோடு வந்தார்கள். அடைப்பு எங்கே என்றார்கள். இங்கே அடைப்பு இல்லை என்றோம். மறுநாள் விளக்குப் பிரிவு ஏணியோடு வந்தது. சந்துக்குள் ஏணியைத் திருப்ப முடியாமல் என் ஜன்னல் கண்ணாடி போனது. அப்புறம் மரம் விழுந்துவிட்டது என்று ரம்பத்தோடு வந்தார்கள். என் வீட்டில் இருப்பது தொட்டியில் ஒரு ரோஜாச் செடி! அதையும் ஒருவர் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

வெறிநாய் பிடிக்க வண்டி வந்தபோது வீட்டுக்காரி என்னைக் காட்டிச் சொன்னாள்: "இங்க ஒண்ணு இருக்கு, கூட்டிட்டுப் போங்க. சத்தம் மட்டும்தான், கடிக்காது. பல்லு இல்ல."

இன்று சிரிக்கிறீர்கள். அன்று எங்களால் சிரிக்க முடியவில்லை. கதவைத் திறந்தால் ஆள். மூடினால் தட்டுகிற சத்தம். சாப்பிட உட்கார்ந்தால் "யார் வீட்ல?" என்ற குரல். சந்து குறுகல், வந்தவர்கள் போகிற வரை நாங்கள் வெளியே காலெடுத்து வைக்க முடியாது. எலிப்பொறியில் மாட்டிக்கொண்ட எலிக்காவது ஏன் மாட்டினோம் என்று தெரியும். எங்களுக்கு அதுவும் தெரியாது.

கடைசியில் குழாய் மேஸ்திரி, அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார், அவர்தான் தன் போனை எடுத்துக் காட்டினார். "பெருசு, எங்க மேல கோவப்படாத. எங்க போனுக்கு உன் வீடுதான் வருது. பாரு." பார்த்தேன். ஊர் மேப். நட்டநடுவே ஒரு கூரை. அந்தக் கூரை மேல் அம்மை போட்ட மாதிரி சிவப்புப் புள்ளிகள், ஒன்றன்மேல் ஒன்று.

அதற்கு அடுத்த வாரம் குடையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஓர் அம்மா சந்துக்குள் வந்தார். கையில் கம்பியும் இல்லை, ரம்பமும் இல்லை. வாசலில் நின்று சொன்னார்: "ஐயா, உங்க வீட்டு மேல புள்ளி வெச்சது நான்தான். மன்னிப்புக் கேட்க வந்திருக்கேன்."

வீட்டுக்காரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "வாங்கம்மா! இத்தனை நாளா யாருன்னுதான் தேடிட்டிருந்தேன்."

அம்மா ஓடிவிடவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து விளக்கினார். புகார் சொல்கிறவர்களில் பலருக்கு முகவரி கிடையாது. அவர்கள் இருக்கும் இடத்துக்குத் தெருப் பெயர் இல்லை, கதவு எண் இல்லை. முகவரிக் கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் புகாரை வாங்காது. ஏதாவது ஓர் இடம் கேட்கும். அதனால் அவர் ஊரின் நட்டநடுப் புள்ளியைக் கொடுத்துவிட்டார்.

"அங்க வெறும் இடம்தான் இருக்கும்னு நினைச்சேன்."

"நாங்க இருக்கோமே!" என்றேன்.

"மேப்ல நீங்க தெரியல ஐயா. மேல இருந்து எடுத்த படம். குடோன் நிழல் உங்க வீட்டை மறைச்சிருச்சு."

"சரி, நடந்தது நடந்துபோச்சு. இப்ப எடுத்துடுங்க."

அவர் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "எடுத்தா அந்தப் புகாரெல்லாம் செத்துப்போயிடும். வேற இடம் குடுக்கற வரைக்கும் அது நிக்கறதுக்கு ஒரு வாசல் வேணும்."

"உங்க ஆபீஸ் வாசல்ல நிக்க வைக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன். ஆபீஸ் கட்டடத்தை மட்டும் அந்த மேப்ல 'புகாருக்கு உட்படாத இடம்'னு அடைச்சு வெச்சிருக்காங்க."

இணை ஆணையர் ஐயா சிரிக்கிறார். நன்றி ஐயா. அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. வெளியே போங்கள் என்று சொல்லிவிட்டேன். போனார். போகும்போது வீட்டுக்காரியிடம், உடைந்த ஜன்னலின் அளவை மட்டும் கேட்டுக்கொண்டு போனார். அந்த வாரமே கண்ணாடி வந்தது. அலுவலகம் போட்டதா, அவரே போட்டாரா, அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நான் படிக்கக் கற்றுக்கொண்டதும் அந்தக் கோபத்தால்தான். நூலகத்தின் பின்னறையில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடக்கிறது. போய்ச் சேர்ந்தேன். "இந்த வயசுல எதுக்குப் படிக்கணும்னு தோணுச்சு?" என்று டீச்சர் கேட்டார். "என் வாசலுக்கு வர்றவங்க கையில என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சா, திட்டறதுக்கு வசதியா இருக்கும்" என்றேன்.

தோழர்களே, எழுத்துத் தெரிந்தவர்களுக்கு அந்தச் சந்தோஷம் மறந்துபோயிருக்கும். எனக்கு இன்னும் புதிது! நேற்று வரை சுவரில் கறை மாதிரி இருந்த ஒன்று, இன்று பேசுகிறது! பஸ் பேசுகிறது, கடை பேசுகிறது, மருந்துச் சீட்டு பேசுகிறது. வீட்டுக்குள் உப்பு டப்பா கூடப் பேச ஆரம்பித்தது. வீட்டுக்காரி காதைப் பொத்திக்கொண்டாள். "பார்க்கறதை எல்லாம் கத்திப் படிக்காதீங்க, எனக்கு அது உப்புன்னு தெரியும்."

எனக்குப் பாடப்புத்தகம் எது தெரியுமா? புள்ளியம்மாவின் பக்கம். அதில் ஜனங்கள் பேசுகிற மாதிரியே எழுதியிருப்பார்கள். அலுவலக வார்த்தை இருக்காது. அதனால் எனக்கு எளிது. நான் முதன்முதலில் தலையிலிருந்து கடைசி வரை படித்து முடித்த வாக்கியம் இது: "எங்க தெருவுல லைட் எரியல, பொண்ணு வேலை முடிஞ்சு இருட்டுல வருது." எழுத்துக் கூட்டி முடித்ததும் சந்தோஷத்தில் கை தட்டினேன். அப்புறம்தான் பொருள் புரிந்தது. தட்டிய கையைக் கீழே இறக்கினேன்.

அதற்குப் பிறகு மகளுக்குக் குழந்தை பிறந்தது. நானும் வீட்டுக்காரியும் கதவைப் பூட்டிக்கொண்டு போனோம். அங்கே எத்தனை நிம்மதி! யாரும் கதவைத் தட்டவில்லை. பேத்தி என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். மாப்பிள்ளை, "மாமா, இங்கயே இருந்துடுங்களேன், மாடி ரூம் சும்மாதான் இருக்கு" என்றார். வீட்டுக்காரி அப்போதே மாடியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். துணிமணியை எடுத்துவரத்தான் திரும்பினோம்.

வந்த அன்று சும்மா என் போனில் அம்மாவின் பக்கத்தைத் திறந்தேன். படிக்கிற ஆசை, வேறொன்றுமில்லை. என் வீட்டுப் புள்ளிகள் எல்லாம் பச்சையாக இருந்தன. சரிசெய்துவிட்டார்கள் போல என்று சந்தோஷமாக ஒன்றைத் தொட்டேன். "கதவு பூட்டியிருந்தது. புகார் முடிக்கப்பட்டது." இன்னொன்றைத் தொட்டேன். "கதவு பூட்டியிருந்தது. புகார் முடிக்கப்பட்டது." அடுத்தது. அடுத்தது. எல்லாவற்றிலும் அதே வரி!

எந்தக் கதவு? என் கதவு! நான் பூட்டிய பூட்டு!

அதில் ஒரே ஆள் திரும்பத் திரும்ப எழுதியதும் இருந்தது. "தண்ணி பச்சையா வருது, குழந்தைங்களுக்கு வயித்தால போகுது." கதவு பூட்டியிருந்தது, முடிக்கப்பட்டது. "மறுபடியும் எழுதறேன், நாத்தம் தாங்கல, பக்கத்து வீட்டுக் குழந்தையை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு." கதவு பூட்டியிருந்தது, முடிக்கப்பட்டது. கடைசியாக ஒன்று. மூன்றே வார்த்தை. "யாராவது இதைப் படிக்கிறீங்களா?"

கதவு பூட்டியிருந்தது. முடிக்கப்பட்டது.

நான் படித்தேன் ஐயா! இந்த ஊரில் எல்லோருக்கும் பின்னால் எழுத்துக் கற்ற நான், அதைப் படித்துவிட்டேன். படிக்காமல் இருந்திருந்தால் மாடி ரூமுக்குப் போயிருப்பேன்.

மறுநாள் இந்தக் கட்டடத்துக்கு வந்தேன். அம்மாவின் அறையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோப்பு அலமாரிகளுக்கு நடுவே ஒரு மேசை. ஜன்னல் இல்லை. எழுந்து நின்றால் அலமாரிக் கதவைத் திறக்க முடியாது, அலமாரியைத் திறந்தால் எழுந்து நிற்க முடியாது. நான் உள்ளே போனதும் அவர் தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டுக் கதவருகே நின்றார்.

"என்னம்மா இது, நான் பூட்டினா ஊர்ல தண்ணி சுத்தமாயிடுமா?" என்று கேட்டேன்.

"வர்ற ஆளுங்க போன்ல ஏதாவது ஒண்ணு அழுத்தியாகணும் ஐயா. ஆள் இருந்தா 'இடம் இது இல்ல'ன்னு போடுவாங்க. அப்ப புகார் திரும்ப எங்கிட்ட வரும், நான் இடத்தைத் தேடுவேன். பூட்டியிருந்தா முடிஞ்சுதுன்னு கணக்கு. எங்கிட்ட வரவே வராது. மாத்தச் சொல்லி, இந்தக் கம்ப்யூட்டர் ஏற்பாட்டைப் பண்ணிக்குடுத்த கம்பெனிக்கு எழுதியிருக்கு. பதில் இல்ல."

"அப்ப நான் எங்கயும் போகக் கூடாதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போகக்கூடாதுன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. போங்கன்னு சொல்ல வாய் வரல. நானும் இதுக்குள்ளதான் மாட்டிக்கிட்டிருக்கேன் ஐயா. வெளிய காட்டினா மேல இருக்கறவங்க திட்டறாங்க. காட்டலேன்னா இது நடந்ததே யாருக்கும் தெரியாது."

வீட்டுக்கு வந்து சொன்னேன். வீட்டுக்காரி பெட்டியை மூடிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். "உங்களை நடு ஊர்ல ஆணி அடிச்சு மாட்டிட்டாங்களே!" என்றாள். அப்புறம் அவள் மட்டும் மகள் வீட்டுக்குப் போனாள். வந்தாள். மறுபடி போனாள். நான் வாசலில் இருந்தேன். பேத்தி நடந்தது, பேசியது, எல்லாம் எனக்குப் போனில்தான். "தாத்தா எங்கே இருக்காரு?" என்று கேட்டால் அவள் போனைத்தான் காட்டுவாளாம்.

இப்போது மேடையில் இருக்கும் ஐயாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். குறையாகச் சொல்லவில்லை. ஐயா என்னை இதே மாடியில், பக்கத்து அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். குளிர்ச்சியான அறை, தேநீர் கொடுத்தார். அம்மாவும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"பெரியவரே, உங்களுக்கு இவ்வளவு தொல்லை கொடுத்ததுக்கு வருத்தப்படறோம். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க, நாளையில இருந்து உங்க வாசலுக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க" என்று ஒரு தாளை நகர்த்தினார் ஐயா. பக்கத்தில் மைத்தட்டும் வைத்திருந்தார்கள். எனக்குக் கைநாட்டுதான் பழக்கம் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

நான் மைத்தட்டை ஒதுக்கிவிட்டுத் தாளை எடுத்தேன். படிக்க ஆரம்பித்தேன். எனக்கு மனசுக்குள் படிக்க வராது ஐயா, வாய்விட்டுத்தான் வரும். அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள். தேநீர் ஆறிப்போனது. முகவரி இல்லாத புகார்களை ரத்து செய்ய வேண்டும், பொதுமக்களுக்குத் தொல்லை தரும் இந்தப் பக்கத்தை மூட வேண்டும், இப்படிக்கு நான்.

"ஐயா, என் வாசலை விடச் சொன்னேன். பக்கத்தை மூடச் சொல்லலையே" என்றேன்.

"ரெண்டும் சேர்ந்துதான் பெரியவரே. ஒண்ணு இருந்தா இன்னொண்ணும் இருக்கும்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை, ஒரு கண்ஜாடை, ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம்தான் அவருடைய உயிர்! என் கை அசைந்தால் அது போய்விடும். இருந்தும் கெஞ்சவில்லை. பேத்தியை நான் பார்க்காமல் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் கெஞ்சவில்லை என்று பிறகு புரிந்துகொண்டேன்.

எனக்குப் பேத்தியின் ஞாபகம் வந்தது. என் விரலைப் பிடித்த அந்தக் கை. அதோடு அந்த வரியும் வந்தது. "யாராவது இதைப் படிக்கிறீங்களா?" எழுத்து ஒரு முறை உள்ளே போனால் வெளியே போகாது போலிருக்கிறது.

தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். "கையெழுத்து இப்பதான் பழகறேன் ஐயா. முதல் கையெழுத்தை இதுல போட மனசு வரல."

ஐயா கோபிக்கவில்லை. அதற்கு இந்தச் சபை சாட்சியாக நன்றி சொல்கிறேன். படியிறங்கும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். என் முட்டிக்காகப் பிடித்தாரா, தனக்காகப் பிடித்தாரா, தெரியவில்லை. "ஐயா, அவங்களை ஒவ்வொருத்தரா வீட்டுக்கு அனுப்பிடறேன்" என்றார்.

அனுப்பினார்! அலுவலக வேலை முடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். புகார் சொன்னவர்களைப் போனில் கூப்பிட்டு, "உங்க வீட்டுக்கு எப்படி வரணும்?" என்று கேட்பார். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வார். தண்ணித் தொட்டிக்குப் பின்னால் நீல ட்ரம் வைத்த வீடு. இரும்புக் கடைக்கு எதிரே, கதவுக்குப் பதில் கோணி தொங்குகிற வீடு. அதையே பக்கத்திலும் போட்டார். "இதெல்லாம் ஒரு முகவரியா மேடம்?" என்று அலுவலகத்தில் கேலி செய்தார்களாம். "அவங்க வீடு எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தாராம்.

ஒவ்வொரு புள்ளி நகரும்போதும் எனக்குப் போன் வரும். "ஐயா, இன்னைக்கு உங்க வாசல்ல இருந்து ஒருத்தரை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுட்டேன்." வேறு ஒன்றும் பேச மாட்டார். வைத்துவிடுவார்.

தண்ணித் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பின் புள்ளிகள் அப்படித்தான் தங்கள் இடத்துக்குப் போயின. போனதும் என்ன நடந்தது? ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸம்மா தன் போனில் அதைப் பார்த்தார். அந்தக் குடியிருப்பிலிருந்து வரும் குழந்தைகளுக்கு ஏன் வயிறு கெடுகிறது என்று அவருக்கு அதுவரை புரியவில்லை. புள்ளிகள் எல்லாம் ஒரே குழாயின் ஓரமாக வரிசை கட்டி நின்றன! அவர் குழாய் மேஸ்திரியைக் கூப்பிட்டார். மேஸ்திரி தோண்டினார். குழாய் உடைந்து, பக்கத்தில் சாக்கடை. மேஸ்திரி, நான் சொல்வது சரிதானே? தலையாட்டுகிறார். யாரும் ஆணை போடவில்லை, யாரும் ஊர்வலம் போகவில்லை. பார்க்க முடிந்தது, பார்த்தார்கள், சரியாயிற்று. இதற்குத்தான் அம்மா அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தார்!

"யாராவது இதைப் படிக்கிறீங்களா?" என்று கேட்ட ஆள் இந்த அறையில் இருக்கிறார். சுவரோரம், கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறாரே, துணி மில்லில் வேலை செய்யும் அந்த அம்மாதான். தண்ணீர் சரியானதும் என்னைத் தேடி வந்தார். "நீங்கதான் படிச்சீங்களாமே?" என்றார். "மெதுவாத்தான் படிச்சேன்" என்றேன்.

இனி எழுத மனம் வராத பகுதி.

கல்குவாரிப் பள்ளத்துக்குள் இருக்கும் குடிசைகள் மட்டும் மீதி இருந்தன. படி இறங்கி ஏற வேண்டும். "அது முடிஞ்சா உங்க வாசல் காலி ஐயா. நீங்க பேத்தியைப் பார்க்கப் போகலாம்" என்றார். இறங்கினார். பாதி இடங்களை எழுதினார். மூச்சு வாங்குகிறது, மீதிக்கு அப்புறம் வருகிறேன் என்று அங்கே இருந்தவர்களிடம் சொல்லிவிட்டு ஏறியிருக்கிறார். அந்த வாரமே, அந்த ஜன்னல் இல்லாத அறையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே இதயம் நின்றுவிட்டது. கதவைத் திறந்தவர்கள் தூங்குகிறார் என்று நினைத்தார்களாம்.

அவர் எங்கே தூங்கினார்? ஊரே தூங்கியபோதும் விழித்திருந்தவரல்லவா அவர்!

மறுநாளிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறந்தால் ஒரே ஒரு வரி வருகிறது. "பராமரிப்புப் பணி நடைபெறுகிறது." தினமும் காலையில் படிக்கிறேன். எழுத்துக் கூட்டாமலே வருகிறது, அவ்வளவு பழகிவிட்டது. யார் பராமரிக்கிறார்கள் ஐயா? பராமரித்தவர் இதோ படத்தில் இருக்கிறார்.

என் வாசலுக்கு இப்போது யாரும் வருவதில்லை. கம்பி இல்லை, ஏணி இல்லை, ரம்பம் இல்லை. முகவரி இல்லாத புகாரை இப்போது வாங்குவதே இல்லை என்று குழாய் மேஸ்திரி சொன்னார். நான் கேட்டது கிடைத்துவிட்டது! மகள் வீட்டுக்குப் பெட்டி கட்டினோம். செருப்பையும் மாட்டினேன். பூட்டைக் கையில் எடுத்தேன். மாட்ட முடியவில்லை. யாருமே வராத வாசலை விட்டு என்னால் நகர முடியவில்லை. குவாரிப் பள்ளத்துப் புள்ளிகள் எங்கே போய் நிற்கின்றன? நிற்க ஒரு வாசல்கூட இல்லாமல் எங்கே நிற்கின்றன?

வீட்டுக்காரி என் கையிலிருந்து பூட்டை வாங்கினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "வேணாம், இருங்க. யாராவது வந்தா?" என்றாள். பெட்டியை அவளே பிரித்தாள்.

ஆகவே, இணை ஆணையர் ஐயா அவர்களே! இரங்கல் கூட்டத்தில் அழுதுவிட்டுப் போவது வழக்கம். நான் ஒன்று கேட்டுவிட்டுப் போகிறேன். அம்மாவின் அண்ணன் அவர்களிடம் முன்பே சொல்லிவிட்டேன். "கேளுங்க, அவளும் இதைத்தான் கேட்டிருப்பா" என்றார். ஐயா, நீங்கள் அன்று சொன்னீர்கள், ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருக்கும் என்று. சரி. இரண்டும் இருக்கட்டும்! பக்கத்தைத் திறந்துவிடுங்கள். முகவரி இல்லாதவர்களின் புகாரை மறுபடி வாங்குங்கள். அவை நிற்க இடம் வேண்டுமென்றால் என் வாசல் இருக்கிறது. இந்த முறை நிழல் மறைத்த இடம் என்று யாரும் தவறாக வைக்க வேண்டாம். நான் கொடுக்கிறேன், தெரிந்தே வையுங்கள்.

பள்ளத்தில் யார் இறங்குவது என்று யோசிக்க வேண்டாம். மில்லுக்காரம்மா இறங்குகிறேன் என்கிறார். நர்ஸம்மா புள்ளிகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். குழாய் மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் தலையாட்டுகிறார், அது போதும். படிக்க நான் இருக்கிறேன். மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் ஒன்றைக்கூட விடமாட்டேன்.

இதைத் தாளில் கேட்டால்தான் நடக்கும் என்பார்கள் என்று அதையும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். கடைசித் தாள் அதுதான். மைத்தட்டு வேண்டாம் ஐயா. கீழே என் பெயரை நானே எழுதியிருக்கிறேன். என் வாழ்க்கையின் முதல் கையெழுத்து. புள்ளியம்மாவுக்காக எடுத்து வைத்திருந்தது.

அம்மா, உங்களுக்கு அஞ்சலி செலுத்த வேறு பெரிய வார்த்தை எனக்கு இன்னும் எழுத வரவில்லை. தெரிந்த வார்த்தைகளில் சொல்கிறேன். பேத்தியை இங்கே கூட்டிவரச் சொல்லிவிட்டேன். ஆட்கள் எப்போது வேண்டுமானாலும் வரட்டும். நான் வீட்டில்தான் இருப்பேன்.

கதவு பூட்டியிருக்காது.